பெஞ்சில் ஓர் இடம்

2013 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள லிங்கன் நகரம். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் ஒன்றும் மாறாது. ஆனாலும் 60,174 பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கால்பகுதியில், 22 என்று எண் போட்ட சட்டையும் தலைக்கவசமுமாக ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மைதானத்துக்குள் வந்தான். பெயர் ஜாக் ஹாஃப்மன். மூளைப் புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டிருந்தவன். அணியின் குவாட்டர்பேக் டெய்லர் மார்ட்டினெஸ் பந்தை அவன் கையில் கொடுத்தார். ஜாக் 69 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினான். இரு தரப்பு ஆட்டக்காரர்களும் பெஞ்சை விட்டு எழுந்து ஓடிவந்து அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

அந்தக் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுத் தருணம் என்று விருதும் கிடைத்தது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காணொளிக்குப் போனார்கள்.

காணொளியில் வராத பகுதி 2011-இல் தொடங்குகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு தனக்குப் பிடித்த ஆட்டக்காரர் ரெக்ஸ் பர்க்ஹெட்டைப் பார்க்க வேண்டும் என்று ஜாக் ஆசைப்பட்டான். அந்த 22-ஆம் எண் சட்டை அவருடையதுதான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டோடு முடிந்திருக்க வேண்டிய சந்திப்பு அதோடு முடியவில்லை. பர்க்ஹெட் தொடர்பை விடவில்லை; ஜாக்கின் பெயர் போட்ட சிவப்புக் கைப்பட்டையை அணிந்துகொண்டு ஆடினார். அணிக்குள் ‘அப்லிஃப்டிங் அத்லெட்ஸ்’ என்ற அமைப்பின் கிளை ஒன்றும் உருவானது; மாணவர்களே அதை நடத்தினார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதும் நிதி திரட்டுவதும் அதன் வேலை. ஆக, அந்த 69 கஜத்துக்குப் பின்னால் ஒன்றரை வருடப் பழக்கம் இருந்தது. அந்தக் காணொளியில் வராத ஒன்றரை வருடம்.

நோயுற்ற குழந்தைகளுக்காகக் கல்லூரி விளையாட்டு மாணவர்கள் செய்யும் தொண்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்த ஓட்டத்தையே பேசுகிறார்கள். பேச வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் இருந்த நாட்களை. அந்த நாட்களைக் கட்டிக்காப்பவர் வளாகத்தில் இருக்கும் ஒரு மாணவத் தலைவர். பெரும்பாலும் யாருக்கும் பெயர் தெரியாதவர். கல்லூரிகள் அவருக்குக் கைதட்டல் கொடுக்கின்றன. அவருக்குத் தேவைப்படும் நேரத்தைக் கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு ஒரு தனி உலகம். என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1906-இல் தோன்றியது. இன்று அதன்கீழ் சுமார் 1,100 கல்லூரிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ ஆட்டக்காரர்கள். கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. தொலைக்காட்சியில் வருவது முதல் பிரிவு. இரண்டாம் பிரிவில் உதவித்தொகை குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே இருப்பவர்கள் படித்துக்கொண்டே ஆசைக்காக ஆடுபவர்கள்.

ஒவ்வொரு வளாகத்திலும் ‘மாணவ ஆட்டக்காரர் ஆலோசனைக் குழு’ ஒன்று இருக்கும். அணிக்கு ஒருவர், இருவர் என்று பிரதிநிதிகள் அதில் உட்காருவார்கள். தேசிய அளவில் இந்த ஏற்பாடு 1989-இல் வந்தது. ஆட்டக்காரர்களின் குரல் விதிகளை வகுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது முதல் நோக்கம். தொண்டு வேலையும் இதே குழுவின் தலையில்தான் விழுந்தது. இரண்டாம் பிரிவின் குழு 2003 முதல் ‘மேக் எ விஷ்’ அமைப்போடு கைகோத்திருக்கிறது. அந்த அமைப்பின் தொடக்கமும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம்தான். ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்ட அவனுக்குப் போலீஸ்காரர் ஆக வேண்டும் என்று ஆசை. 1980-இல் அரிசோனா மாநிலக் காவல்துறையினர் அவனுக்கென்று சீருடை தைத்துக் கொடுத்து, ஒரு நாள் அவனைத் தங்களில் ஒருவனாக்கினார்கள்.

இரண்டாம் பிரிவு மாணவர்கள் இதுவரை அந்த அமைப்புக்காகத் திரட்டியது 50 லட்சம் டாலருக்கு மேல். பெரிய கொடையாளர் யாரும் காசோலை எழுதிக் கொடுத்து வந்த தொகையில்லை. சட்டை விற்று, ஓட்டப் பந்தயம் நடத்தி, ஆட்டத்தின் இடைவேளையில் உண்டியல் ஏந்தி, விடுதிக்கும் விடுதிக்கும் சில்லறை சேர்க்கும் போட்டி வைத்துத் திரட்டியது. இவர்கள் ஆடும் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்று எண்ணும் வளாகங்கள் பல. அங்கே உண்டியல் நிறைய வேண்டுமானால் யாராவது ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும்.

பணம் ஒரு பக்கம். இன்னொரு வகைத் தொண்டு இருக்கிறது. அதில் காசு கைமாறுவதே இல்லை.

2004-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜாக்லின் மர்ஃபி என்ற ஒன்பது வயதுச் சிறுமிக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. லக்ராஸ் ஆட்டத்தின் மேல் உயிராக இருந்தவள். மறு ஆண்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பெண்கள் லக்ராஸ் அணி அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்கும் அணிக்கும் இடையே பல நூறு மைல் தூரம். உறவு பெரும்பாலும் கைப்பேசிச் செய்திகளில் ஓடியது. அந்தப் பருவத்தில் அணி 21 ஆட்டங்களில் ஆடி 21-லும் வென்று தேசியப் பட்டத்தையும் பிடித்தது. கதை அங்கேயே முடிந்திருந்தால் செய்தித்தாளில் ஒரு நாள் வந்து போயிருக்கும். சிறுமியின் தந்தை டெனிஸ் மர்ஃபி, தன் மகளுக்குக் கிடைத்தது மற்றக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஜாக்லின்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். மூளைக் கட்டியோடு வாழும் குழந்தையை ஒரு பள்ளி அல்லது கல்லூரி அணியோடு சேர்த்துவைப்பது அதன் வேலை.

2011-இல் பாஸ்டன் பக்கம் ‘டீம் இம்பாக்ட்’ வந்தது. கடும் நோயோ ஊனமோ உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அருகே உள்ள கல்லூரி அணியில் சேர்க்கிறது இந்த அமைப்பு. சேர்க்கும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி நட்சத்திரங்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறோம் என்பதைக் கேமராக்களுக்கு முன்னால் தாளில் கையெழுத்திட்டு அறிவிப்பார்கள். அது அவர்களுக்குக் கல்யாணம் மாதிரி. டீம் இம்பாக்ட் அதே சடங்கைக் குழந்தைக்குச் செய்கிறது. மேசை, பேனா, கல்லூரித் தொப்பி, பெயர் அச்சிட்ட சட்டை, பக்கத்தில் பயிற்சியாளர். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதுகிறது. பின்னால் நிற்கும் முப்பது பேர் விசிலடிக்கிறார்கள்.

நுட்பம் சடங்கோடு நிற்பதில்லை. கையெழுத்திட்ட அடுத்த வாரம் பயிற்சிக்கு வா என்கிறார்கள். உடை மாற்றும் அறையில் பிள்ளையின் பெயரில் ஓர் அலமாரி இருக்கிறது. இந்தச் சேர்க்கை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. அமைப்பின் சார்பில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் குடும்பத்தோடும் அணியோடும் தொடர்பில் இருக்கிறார். குழந்தையின் தம்பி தங்கைக்கும் அங்கே இடம் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் மற்றப் பிள்ளை ஓரத்தில் நின்றுவிடும் என்பது அறிந்தவர்களுக்கு அறிந்த விஷயம்.

இதற்கு ஏன் விளையாட்டு அணி? பாட்டுக் குழு, நாடகக் குழு, கணினி மன்றம் எல்லாம் கல்லூரியில் உண்டே? அவையும் செய்யலாம், செய்கின்றன. ஆனால் விளையாட்டு அணியிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆட முடியாதவரை வைத்துக்கொள்ள அதற்குத் தெரியும்.

முழங்கால் தசைநார் அறுந்து அறுவை செய்துகொண்ட ஆட்டக்காரர் எட்டு, ஒன்பது மாதம் ஆட முடியாது. அவரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஊன்றுகோலோடு பயிற்சிக்கு வருவார். பெஞ்சில் உட்காருவார். தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், புள்ளி எழுதுவார், பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவார். அணியின் புகைப்படத்தில் அவரும் இருப்பார். ‘நீ இன்று என்ன சாதித்தாய்’ என்று யாரும் கேட்பதில்லை; வந்தாரா என்பது மட்டும் கணக்கு. நீண்ட நாள் நோயில் கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்காமல் போவது இதேதான். வகுப்புத் தோழர்கள் முதல் மாதம் அட்டை எழுதி அனுப்புவார்கள். மூன்றாம் மாதம் பெயரை மறப்பார்கள். திரும்பிப் போனால் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. உடற்பயிற்சி அறையில் வலியோடு காலை மடக்கி நீட்டும் இருபது வயது ஆட்டக்காரருக்கும், மருத்துவமனையில் அதையே செய்யும் பத்து வயதுப் பிள்ளைக்கும் பேசிக்கொள்ளப் பொதுவான விஷயம் இருக்கிறது. ‘எனக்கும் இது பிடிக்கவே பிடிக்காது’ என்று ஆறடி உயர ஆள் சொல்லும்போது பிள்ளை நம்புகிறது. டாக்டர் சொன்னால் நம்பாது.

இப்போது அந்த வளாகத் தலைவரிடம் வருவோம். ஒரு குழந்தையை அணியில் சேர்த்துக்கொள்வது என்று பயிற்சியாளர் முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த முடிவை இரண்டு வருடம் உயிரோடு வைத்திருக்க, நாளும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைக்குக் கீமோதெரபி எந்த நாளில், அதற்கு மறுநாள் அது சோர்ந்திருக்குமா, அன்று யார் செய்தி அனுப்புவது? அரங்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் எந்த வாசலில்? ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் சளி பிடித்த ஆட்டக்காரர் பக்கத்தில் போகக்கூடாது என்று அணிக்குச் சொல்வது யார்? படம் எடுக்கலாமா, வலைத்தளத்தில் போடலாமா என்று தாயிடம் கேட்பது யார்? வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்து நள்ளிரவில் திரும்புகிறது, காலையில் பிள்ளைக்குப் பிறந்தநாள், கேக் வாங்கியாயிற்றா?

பார்க்கப்போனால் இது ஒரு திட்ட மேலாளரின் வேலை. பத்தொன்பது, இருபது வயதில், வகுப்புக்கும் பயிற்சிக்கும் நடுவே, சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அமைப்புகள் அளிக்கும் பயிற்சியும் வழிகாட்டியும் இருந்தாலும், வியாழக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை எடுப்பவர் அந்த மாணவர்தான்.

இதில் ஊரறிந்த மறுப்பு ஒன்று உண்டு. இவையெல்லாம் கல்லூரி நிர்வாகங்களின் விளம்பர வேலை. ஊழல், பாலியல் புகார், தேர்வு மோசடி என்று கல்லூரி விளையாட்டின் பெயர் கெடும்போதெல்லாம் ஒரு நோயாளிக் குழந்தையைக் கேமராவுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பது அது. மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. வருட இறுதியில் விளையாட்டுத் துறைகள் வெளியிடும் அறிக்கையைப் பார்த்தால் தெரியும்: எங்கள் மாணவர்கள் இத்தனை ஆயிரம் மணி நேரம் தொண்டு செய்தார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். சேவைக்கென்றே விருதுகளும் உண்டு. கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் ‘குட் ஒர்க்ஸ்’ அணி 1992 முதல் அறிவிக்கப்படுகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரம் டேனி வுர்ஃபல் பெயரிலான கோப்பை 2005 முதல் கொடுக்கப்படுகிறது. விருது தப்பில்லை. மணிக்கணக்கும் கோப்பையும் எதை அளக்கும் என்பதுதான் கேள்வி. நாற்பது பேர் ஒரு மணி நேரம் மருத்துவமனைக்குப் போய்க் கையெழுத்திட்ட பந்து கொடுத்துப் படம் எடுத்துத் திரும்பினால் நாற்பது மணி நேரம். ஒருவர் ஒரே குழந்தையோடு வருடம் முழுக்க வாரத்துக்கு அரை மணி நேரம் பேசினால் இருபத்தாறு மணி நேரம். அறிக்கையில் முதலாவதுதான் பெரிது.

கூட்டமாகச் செய்வதெல்லாம் வெறும் காட்சி என்றும் சொல்லிவிட முடியாது. அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்துக்கு எதிரே அதன் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் மேல் மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். அதே ஆண்டு ரசிகர் ஒருவர் சமூக வலைத்தளத்தில் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, முதல் கால்பகுதி முடிந்ததும் அரங்கத்தில் உள்ள சுமார் 70,000 பேரும் எழுந்து திரும்பி மருத்துவமனை ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்கள், எதிரணியினர், நடுவர்கள் எல்லோரும் அசைக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத காரியம். ஆனால் இது நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது: அதே அணி 2009 முதலே ஆட்டத்துக்கு ஒரு குழந்தையைக் ‘கிட் கேப்டன்’ ஆக்கிப் பெயர் சொல்லி அழைத்து வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்டவர்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘தான்’ என்ற தொடர் நடன நிகழ்ச்சியும் அப்படியே. 1973-இல் ஏதோ 2,000 டாலர் சேர்த்துத் தொடங்கியது. 1977 முதல் குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு. 46 மணி நேரம் உட்காராமல், தூங்காமல் மாணவர்கள் நிற்கிறார்கள். 2024-இல் மட்டும் 1.69 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. மேடையில் விளையாட்டு அணிகள் குழந்தைகளைச் சிரிக்கவைக்க ஆடும் நேரமும் உண்டு. ஆனால் அந்தத் தொகையைவிடக் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு மாணவர் அமைப்பையும் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் அவர்களின் வழக்கம். பிப்ரவரியில் நடனம் முடிந்தாலும் மார்ச்சில் அந்தக் குடும்பத்தின் தொலைபேசி ஒலிக்கிறது.

அடுத்த சிக்கல் பணம். 2021 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. மாறியது நியாயமே. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2025 முதல் 2032 வரை 880 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. அந்தப் பந்தைக் கூடையில் போடும் பையனுக்கு ஒன்றும் கிடையாது என்று எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது? ஆனால் பணம் வந்த வழிகளில் ஒன்று தொண்டின் வாசல் வழியாக வந்தது. 2021 டிசம்பரில் டெக்சஸ் பல்கலைக்கழக ஆதரவாளர்கள் ‘ஹார்ன்ஸ் வித் ஹார்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, கால்பந்து அணியின் தாக்குதல் வரிசையில் (ஆஃபென்சிவ் லைன்) உதவித்தொகை பெறும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், தொண்டு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதற்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று அறிவித்தார்கள். இதே பாணியில் வரிவிலக்குள்ள அறக்கட்டளைகள் பல ஊர்களில் முளைத்தன. 2023 ஜூனில் அமெரிக்க வரித்துறை ஒரு குறிப்பை வெளியிட்டது: இப்படிப்பட்ட அமைப்புகள் பலவற்றின் முதன்மைப் பயன் ஆட்டக்காரர்களுக்கே போகிறது, அதைத் தொண்டு என்று சொல்லி வரிவிலக்குக் கேட்க முடியாது.

வரித்துறை கணக்கைப் பார்த்தது. குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் எளிது. பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடும் அண்ணன் இந்த மணி நேரத்துக்குக் கூலி வாங்குகிறான் என்று தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? ஆட்டக்காரருக்குப் பணம் கிடைக்கட்டும், ஆட்டத்துக்குக் கிடைக்கட்டும். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. இனி சம்பளத்துக்கு அறக்கட்டளை வேடம் தேவையில்லை. தொண்டு மீண்டும் தொண்டாக இருக்க இது நல்ல சந்தர்ப்பம்.

‘சும்மா செய்’ என்று ஏழை மாணவருக்குச் சொல்வது மட்டும் எப்படி நியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

என்சிஏஏ விதிப்படி பருவ காலத்தில் விளையாட்டுக்கு வாரம் 20 மணி நேரம்தான். 1991-இல் வந்த விதி. அதன் கணக்கு விசித்திரமானது. ஒரு போட்டி எத்தனை மணி நேரம் நடந்தாலும் மூன்று மணி நேரம் என்றே எழுதப்படும். பயணம் கணக்கில் வராது. காயத்துக்கான சிகிச்சை கணக்கில் வராது. முதல் பிரிவு ஆட்டக்காரர்கள் உண்மையில் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டில் செலவிடுவதாகச் சங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்புகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். தொண்டு? 2017-இல் வந்த திருத்தம், கட்டாயப்படுத்தப்படும் தொண்டு நிகழ்ச்சிகளை ஓய்வு நாளில் வைக்கக்கூடாது என்று முதல் பிரிவுக்குச் சொன்னது. நல்லதுதான். ஆனால் அந்த மணி நேரம் 20-க்குள் சேர்வதில்லை. கூடுதல் சுமையாக வெளியே நிற்கிறது. தானாக முன்வந்து செய்பவரின் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் அதைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்.

ஒரு மாற்றம் செய்யலாம். குழந்தையின் தொடர்புக்கு அணி நியமிக்கும் இரண்டு மாணவர்களுக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரத்தை அந்த 20-க்குள்ளேயே கழித்துக்கொடுப்பது. பயிற்சியாளர் முணுமுணுப்பார். காயம் பட்டவருக்கு நேரம் விடுகிறவர், காயம் பட்ட பிள்ளைக்காகவும் விடலாம். காசும் செலவில்லை. ‘குழந்தை எங்கள் அணியில் ஒருவர்’ என்று மேடையில் சொல்வது எவ்வளவு உண்மை என்பதும் அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஏன் இரண்டு பேர்? ஏனென்றால் ஒருவர் போய்விடுவார். முன்பெல்லாம் நான்கு வருடம் ஒரே கல்லூரி என்று இருந்தது. 2018-இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களுக்கான இடமாற்றப் பதிவேடு வந்தது. 2024-க்குப் பின் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்ற நிலை. ஆட்டக்காரருக்கு அது உரிமை, மறுப்பதற்கில்லை. குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு. மருத்துவமனையில் பழகிய செவிலியர் மாறுகிறார், பக்கத்துக் கட்டில் பிள்ளை திடீரென்று காணாமல் போகிறது. இதில் அணியின் அண்ணனும் டிசம்பரில் சொல்லாமல் வேறு ஊருக்குப் போனால்? இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரும் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரும் சேர்ந்து பொறுப்பேற்று, போகிறவர் வருகிறவரைக் குடும்பத்துக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போகும் முறை இருந்தால் கைமாற்றம் நடக்கும். குழந்தையைச் சேர்த்துக்கொண்டது அணி. ஒரு நட்சத்திரம் அல்ல. நட்சத்திரம் போனால் உறவும் போகும் என்றால் முதலில் கையெழுத்து வாங்கியதே பிழை.

கேமராவைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். கையெழுத்து நாளில் படம் எடுக்கட்டும். பிள்ளைக்கும் அது பிடிக்கும். அதற்குப் பின் பயிற்சி, உடை மாற்றும் அறை, மருத்துவமனை அறை ஆகியவற்றுக்குள் கல்லூரியின் விளம்பரப் பிரிவு வரக் கூடாது. குடும்பம் கூப்பிட்டால் மட்டும் வரட்டும். முடி கொட்டிய ஒன்பது வயது முகம் இணையத்தில் என்றென்றைக்கும் கிடக்கும். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை அதைப் பார்க்கும்.

இன்னும் பேசாத ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். பெரியவர்கள் அதைத் தாங்குவதற்கே தடுமாறும்போது, பத்தொன்பது வயது மாணவர் நேற்றுவரை செய்தி அனுப்பிய எண்ணைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வார்? அன்று மாலை பயிற்சி இருக்கும். சனிக்கிழமை ஆட்டம் இருக்கும். வெற்றியை அந்தக் குழந்தைக்குச் சமர்ப்பிக்கிறோம் என்று யாராவது ஒலிவாங்கியில் சொல்வார்கள். குழந்தையை அணியில் சேர்க்கும் எந்தக் கல்லூரியும், முதல் நாளிலேயே ஒரு மனநல ஆலோசகரை அந்த அணிக்குப் பெயர் சொல்லிக் காட்டிவைக்க வேண்டும். முழங்காலுக்கு மருத்துவர் இருப்பது போல இதற்கும் ஒருவர்.

ஜாக் ஹாஃப்மன் அந்த 69 கஜத்துக்குப் பிறகு ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் வாழ்ந்தான். சொந்த ஊர்ப் பள்ளி அணியில் கால்பந்து ஆடினான். ஆள் வளர்ந்து கல்லூரிக்குப் போனான். அவன் பெயரில் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை, குழந்தைகளின் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில், 19 வயதில் இறந்தான். பர்க்ஹெட் அதற்குள் தொழில்முறை ஆட்டத்தில் பல அணிகளுக்கு ஆடி, நியூ இங்கிலாந்து அணியோடு சூப்பர் பௌல் கோப்பையும் வென்றிருந்தார். இறப்புச் செய்தி வந்தபோது தொலைக்காட்சிகள் மறுபடியும் அந்த ஓட்டத்தைத்தான் போட்டுக் காட்டின.

போட்டுக் காட்டாத காட்சி ஏதோ ஒரு சிறிய கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் நடந்துகொண்டிருக்கும். கையெழுத்து நாள் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருக்கும். பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். யாரும் எழுந்து கைதட்ட மாட்டார்கள். பந்து ஒரு பக்கம் துள்ளிக்கொண்டிருக்கும். பயிற்சியாளர் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். கையில் அட்டவணைத் தாளோடு ஒரு மாணவி திரும்பிப் பார்த்து, ஐந்து நிமிடம் தாமதம் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் தன் பையை நகர்த்தி இடம் விடுவாள்.